கடலூர்ப் போரில் இறந்தவர்கள் எத்தனை பேர்? யாருடைய கணக்கில்?

கேள்வி: 1783-இல் கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வோர் எண் வருகிறது. கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஒரே ஓர் எண் வேண்டும். எதைப் போடுவது?

பதில்: தம்பி, ஒரே எண்ணாகக் கேட்டால் கிடைக்காது. நீங்கள் பார்த்த எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை யாரை எண்ணின என்று பார்க்காமல் எடுத்துப் போட்டால்தான் தப்பாகிவிடும். அந்தக் காலத்து ராணுவம் சாவை எண்ணியது சம்பளப் பட்டியலை வைத்து. பட்டியலில் பேர் இருந்தவன் செத்தால் சம்பளத்தை நிறுத்த வேண்டும், பாக்கியைத் தீர்க்க வேண்டும், அவன் இடத்துக்கு வேறு ஆள் கேட்க வேண்டும். அதற்காக எழுதி வைத்தார்கள். பட்டியலில் இல்லாதவன் செத்ததை யாரும் எழுதவில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பார்த்து, வந்தவர்கள் இவ்வளவு பேர்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும்.

முதலில் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தார்கள். அந்த டிசம்பரில் ஹைதர் இறந்தார். திப்பு மேற்குக் கரைப் பக்கம் போய்விட்டார். 1783 மார்ச்சில் வயதான பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடலூருக்கு வந்து சேர்ந்தார். அவரைத் துரத்த ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் சென்னையிலிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஏப்ரலில் கிளம்பியது. ஜூன் தொடக்கத்தில்தான் இங்கே வந்து சேர்ந்தது. பெண்ணையாற்றை மேற்கே தள்ளிக் கடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய் ஓ.டி.க்கு, அதாவது பழைய கடலூருக்கு (ஓல்டு டவுன்), தெற்கே கூடாரம் போட்டார்கள். ஒரு முனை கடற்கரையில், மறுமுனை வண்டிப்பாளையம் குன்றுகளில். இப்போது கேப்பர் மலை என்கிறோமே, அந்தப் பக்கம்தான். ஜூன் 13 விடியலில் தாக்குதல் தொடங்கியது. அன்று ஒரு நாளில் மட்டும் ஆங்கிலேயர் தரப்பு இழப்பு ஆயிரத்தை ஒட்டி வருகிறது. பிரெஞ்சுத் தரப்பில் அதில் பாதி அளவு. அன்று இரவே பிரெஞ்சுக்காரர்கள் வெளி அரண்களை விட்டுவிட்டு ஊர்க் கோட்டைக்குள் போய்விட்டார்கள்.

அந்த ஆயிரத்தில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் மூன்று வகையும் சேர்ந்திருக்கிறது. பல கட்டுரைகள் அதை அப்படியே 'ஆயிரம் பேர் மாண்டனர்' என்று எழுதிவிடுகின்றன. சரி, காயம்பட்டவர்களைக் கழித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. துப்பாக்கிக் குண்டு எலும்பில் பட்டால் கையையோ காலையோ வெட்டி எடுப்பதுதான் அன்றைய வைத்தியம். மயக்க மருந்து கிடையாது. ஜூன் மாதத்துக் கடலூர் வெயில், கூடாரம், ஈ. 13-ஆம் தேதி காயம்பட்டவன் 25-ஆம் தேதி சீழ் வைத்துச் செத்தால் அவன் 13-ஆம் தேதிக் கணக்கில் காயம்பட்டவனாகவே நிற்பான்.

கடலில் நடந்தது இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஜூன் 20-ஆம் தேதி கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் 15 கப்பல்களும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. பிரெஞ்சுத் தரப்பில் 102 பேர் இறந்தார்கள், 386 பேருக்குக் காயம். ஆங்கிலேயர் தரப்பில் 99 பேர் இறப்பு, 434 பேருக்குக் காயம். இவ்வளவு துல்லியமாக எப்படி வந்தது என்றால், கப்பலில் ஆள் பதிவேடு உண்டு, சுற்றிலும் தண்ணீர், யாரும் தப்பி ஓட முடியாது. ஆனால் அந்தக் கப்பல்களில் ஏற்கனவே நூற்றுக்கணக்கானவர்கள் ஸ்கர்வி வந்து படுத்திருந்தார்கள். பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமல் ஈறு வீங்கி, பழைய புண் திரும்பத் திறந்து, நடக்க முடியாமல் சாகிற நோய். அவர்கள் போர்க்கணக்கில் வருவதில்லை. இன்னொரு விஷயம்: சுஃப்ரேனிடம் பீரங்கிக்குப் போதிய ஆள் இல்லாததால் புஸ்ஸி கோட்டையிலிருந்து 1,200 பேரைக் கப்பலுக்கு ஏற்றி அனுப்பினார். அதில் பாதிப் பேர் நம்மூர் சிப்பாய்கள். அதற்கு முன் கப்பலில் கால் வைத்திருப்பார்களா தெரியாது, போய்ப் பீரங்கி இழுத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மனதை உறுத்துவது தேதிதான். பிரிட்டனும் பிரான்சும் வெர்சாயில் சமாதான முன்னுடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20. கடலூர்த் தாக்குதல் ஜூன் 13. ஐந்து மாதம் ஆகப்போகிறது. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. ஜூலை முதல் வாரத்தில்தான் சண்டை நின்றது. அதாவது வண்டிப்பாளையத்தில் விழுந்த ஒவ்வொருவனும் முடிந்துபோன போரில் செத்தவன். அவர்களில் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த படைப்பிரிவுகளும் உண்டு. இங்கிலாந்து ராஜாவே ஹனோவருக்கும் அதிபதி என்பதால் அந்தப் பையன்கள் கெடிலக்கரை வரைக்கும் வர வேண்டியதாயிற்று. இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும், பின்னாளில் ஸ்வீடனுக்கு ராஜாவான பெர்னாடோட் இங்கே ஒரு சார்ஜெண்டாகக் காயம்பட்டுப் பிடிபட்டார் என்ற கதையைத்தான் ஆசையாகச் சொல்வார்கள். அதற்கே உறுதியான ஆதாரம் கிடையாது. உங்கள் ப்ராஜெக்டில் அதைப் போடாதீர்கள்.

இப்போது பட்டியலில் இல்லாதவர்களுக்கு வருவோம்.

அன்றைய படை என்றால் துப்பாக்கிக்காரர்கள் மட்டுமில்லை. குதிரைக்குப் புல் அறுப்பவர், தண்ணீர் சுமப்பவர், பல்லக்கும் டோலியும் தூக்குபவர், மாட்டுக்காரர், கூடாரம் அடிக்கிற லஸ்கர், பஜார் கடைக்காரர், சமையல்காரர், அப்புறம் சிப்பாய்களின் பெண்டாட்டி பிள்ளைகள். ஒரு சிப்பாய்க்கு இப்படி மூன்று நான்கு பேர் பின்னால் வருவது சாதாரணம். முகாமில் காலரா வந்தால் முதலில் சாகிறவர்களும் இவர்கள்தான், அரிசி தீர்ந்தால் முதலில் படி நிறுத்தப்படுகிறவர்களும் இவர்கள்தான். பலர் விரும்பி வந்தவர்களும் இல்லை. 1758-இல் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, வண்டியும் மாடும் தயார் செய்யாமல் வந்துவிட்டு, புதுச்சேரித் தெருக்களில் கண்ணில் பட்டவர்களைச் சாதி பார்க்காமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். வரலாற்றில் இது 'லாலி உள்ளூர் வழக்கத்தை மதிக்கவில்லை' என்ற அளவில் பதிவாகியிருக்கிறது. சுமையோடு போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சிப்பாய்களுக்காவது பட்டியல் இருந்தது. 1783-இல் இங்கே ஸ்டூவர்ட்டின் கீழ் சண்டை போட்ட வங்காளச் சிப்பாய்கள் கர்னல் பியர்ஸ் தலைமையில் 1781-இல் கல்கத்தா பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேர். வழியில் கஞ்சம் என்ற இடத்தில் காலரா மாதிரியான நோய் ஒன்று தாக்கி, ஒரே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் படுத்தார்கள். ஓர் எதிரியையும் பார்ப்பதற்கு முன்பே. போர் முடிந்து 1785-இல் ஊர் திரும்பியபோது பாதிப் பேர் கூடத் தேறவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் எந்தப் படையெடுப்பை எடுத்தாலும் இதுதான் நிலைமை: குண்டு கொன்றதைவிடப் பேதியும் காய்ச்சலும் கொன்றது அதிகம்.

நிலத்துக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் படை நகர்கிறது. வழியில் உள்ள உழவு மாடுகளைப் பீரங்கி இழுக்கவும் தானியம் சுமக்கவும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனியில் முற்றுகை. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம், விதைக்க மாடும் இல்லை, விதைநெல்லும் இல்லை, உழுகிறவனும் காட்டுக்குள் ஓடிவிட்டான். தை மாதம் அறுக்க ஒன்றும் இருக்காது. பசியில் சாகிறவன் அடுத்த வருஷம் சாகிறான். தடுப்பரண் கட்டவும் விறகுக்கும் வெட்டிய பனை திரும்ப நிற்க ஒரு தலைமுறை ஆகும். 1780-இல் ஹைதர் படை கர்நாடகத்துக்குள் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காட்டு நவாபின் சீமை, நம் பக்கம்தான்) இறங்கியபோது கிராமங்களை எரித்ததும் குளம் ஏரிகளை உடைத்ததும் ஆங்கிலேயருக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்ற கணக்கில்தான். 1781-இல் பிப்ரவரி தொடங்கி ஜூன் வரை ஆங்கிலத் தளபதி ஐர் கூட் இதே கடலூரில் தானியமும் மாடும் இல்லாமல் முடங்கிக் கிடந்தார். ஒரு படைக்கே சோறில்லாதபோது ஊர் என்ன சாப்பிட்டிருக்கும்? அந்த வருஷங்களின் பஞ்சம் பற்றிச் சென்னை ஆவணங்களில் நிறைய இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமாக எலும்புகளும் எரிந்த சுவர்களுமே மிஞ்சியிருந்தன என்று எழுதினார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நிலைமை அது. இங்கே நெசவாளர்கள் தறியை விட்டுவிட்டு ஓடியதும் கம்பெனிக் கடிதங்களில் வரும், ஆனால் துணி மூட்டை குறைந்துவிட்டது என்ற புகாராக.

கணக்கில் வராத சாவு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் பக்கத்து ஊருக்கு, 1760 புதுச்சேரிக்குப் போக வேண்டும். அந்த ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற லாலி புதுச்சேரிக்குள் ஒடுங்கினார். கூட் ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊரைச் சுற்றிச் சில மைல் தொலைவில் கள்ளியும் முள்ளும் பனையுமாக வளர்த்த ஒரு பெரிய வேலி உண்டு. செப்டம்பரில் அதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடலில் அவர்கள் கப்பல், கரையில் அவர்கள் படை. அரிசி வரும் வழி அடைபட்டது.

நவம்பர் 27-ஆம் தேதி, உள்ளே இருக்கிற தானியம் சிப்பாய்க்கே போதாது என்று, வேலைக்குத் தேவைப்பட்ட சிலரைத் தவிர்த்துத் தமிழ்ச் சனங்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார்கள். ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று ஏறக்குறைய 1,400 பேர். அவர்கள் நடந்து ஆங்கிலேயர் காவல் வரிசைக்குப் போனார்கள். விட்டால் உள்ளே இருப்பவர்களின் சோற்றுச் சுமை குறைந்துவிடும், முற்றுகை நீளும் என்று அங்கே திருப்பி அடித்தார்கள். திரும்பக் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். அங்கே சுட்டார்கள். சிலர் அந்த இடத்திலேயே செத்தார்கள். இப்படி எட்டு நாள். இரண்டு வரிசைக்கும் நடுவில், வெட்டவெளியில், மார்கழிப் பனி தொடங்குகிற நேரத்தில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். எட்டு நாள் கழித்துத்தான் கூட் வழிவிட்டார். இதை எழுதிவைத்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். வழிவிட்டதைத் தங்கள் கருணையாகக் காட்டுவதற்கு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் நமக்குத் தெரிகிறது. அந்த எட்டு நாளில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண் மட்டும் கிடையாது. வெளியே போனவர்கள் எங்கே போனார்கள், சுற்றிலும் சூறையாடிய ஊர்களில் யார் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள் என்பதும் கிடையாது.

அடுத்த ஐந்து வாரத்தில், 1761 ஜனவரி 1-ஆம் தேதி, புதுச்சேரிக் கடலில் புயல் அடித்து முற்றுகைக் கப்பல்கள் பல மூழ்கின. இறந்தவர்கள் 1,100 ஐரோப்பியர்கள் என்று பதிவு இருக்கிறது. ஐரோப்பியர்கள் என்று கவனியுங்கள். அந்தக் கப்பல்களில் நம்மூர் மாலுமிகளும் இருந்தார்கள், அவர்களையும் லஸ்கர்கள் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் எண் அந்த 1,100-க்குப் பக்கத்தில் வருவதில்லை.

ஜனவரி மத்தியில் ஊர் சரணடைந்தது. உள்ளே யானை, குதிரை, ஒட்டகம் எல்லாம் தின்று தீர்ந்திருந்தன. அணிவகுத்து வெளியே வந்த பிரெஞ்சுக் கிரனேடியர்கள், அதாவது பொறுக்கியெடுத்த காலாட்படை வீரர்கள், எலும்பும் தோலுமாக இருந்தார்கள் என்று எதிரியே எழுதினான். பிறகு ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இருபத்தைந்து வருஷமாக நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே ஜனவரியில் இறந்தார். ஒவ்வொரு போர்ப் பீதியிலும் சனங்கள் மூட்டை முடிச்சோடு வாசல் வாசலாக வெளியேறியதை எழுதிவைத்த தமிழ்க் கை அது. லாலிக்குப் பாரிசில் விசாரணை நடந்து 1766-இல் தலை போனது. குற்றச்சாட்டு ராஜாவுக்குத் துரோகம். புல்வேர் தின்றவர்கள் விஷயம் அந்த விசாரணையின் சாரத்தில் இல்லை.

இது ஏதோ பழங்கால வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1942–43-இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போய்ப் பார்த்தால் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கும். அதே பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் செத்தது அதைப்போலப் பல மடங்கு. மதிப்பீடுகள் எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் வரை போகின்றன. இத்தனை ஆயிரம் வித்தியாசம் ஏன் என்றால் பட்டியல் இல்லை. கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் நம் பழைய தென்னாற்காடும் ஒன்று. நம் பக்கத்துக் குடும்பங்களில் 'மலேயாவுக்குப் போனவர், சண்டைக்கப்புறம் கடுதாசி இல்லை' என்று ஒரு தாத்தா இருந்தால், அவர் இந்தக் கணக்கில் எங்கோ இருக்கலாம்.

புதுச்சேரியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். கடற்கரைச் சாலையில் முதல் உலகப்போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்கள் வருஷா வருஷம் ஜூலை 14-ஆம் தேதி அங்கே பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்களின் குடும்பங்களில் கதை இன்னும் உயிரோடு இருப்பதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, பென்ஷனும் ஒரு காரணம். பென்ஷன் இருந்தால் காகிதம் இருக்கும், காகிதம் இருந்தால் பேர் இருக்கும். ஆங்கிலேயர் பகுதிக் கிராமங்கள் பலவற்றில் ஒரு சின்னப் பளிங்குக் கல் உண்டு: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று. பேர் இருக்காது. எண் மட்டும்.

சரி, உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். 'மொத்த இறப்பு' என்று ஒரு கட்டம் போடாதீர்கள். அதற்குப் பதிலாக, ஜூன் 13 தரைச் சண்டையில் இரு தரப்புப் படையினரின் இழப்பு, காயம்பட்டோர் உட்பட, சுமார் ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதுங்கள். ஜூன் 20 கடற்போரில் இறந்தவர் 201 என்று தனியாக எழுதுங்கள். ஜூன் 25-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கி முறியடிக்கப்பட்ட சண்டையைத் தனி வரியாகக் காட்டுங்கள். அதற்குக் கீழே நோயில் இறந்த படையினர், படையோடு வந்த கூலிகளும் குடும்பங்களும், கடலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இறந்த குடிகள் என்று மூன்று வரி போட்டு, எதிரே 'பதிவு இல்லை' என்று எழுதுங்கள். சுழியம் போடாதீர்கள், வெற்றாகவும் விடாதீர்கள். வழிகாட்டி ஆசிரியர் ஏதாவது ஓர் எண் போடச் சொன்னால், நம் பக்கம் முறையான முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-இல்தான் நடந்தது என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்றே தெரியாதபோது எத்தனை பேர் குறைந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் தோண்ட ஆசை இருந்தால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் 1783-ஆம் வருஷத்து ராணுவத் துறைப் பதிவுகளைக் கேளுங்கள். கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். போர் வர்ணனையை விட்டுவிட்டு மாட்டுக் கணக்கு, அரிசிக் கணக்கு, கூலி ஓடிப்போன புகார் இவற்றைப் படியுங்கள். கூலிகள் பற்றி ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். பிரெஞ்சு தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் தேசிய ஆவணக்காப்பகத்தின் புதுச்சேரிக் கிளைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.